லைன் கிராஃப்: எல்லா எண்ணையும் எழுதியும் ரைட்டிங்கில் இரண்டு முறை 6. எங்கே தவறுகிறேன்?

இரவுப்பணி (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டன் போக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வேண்டும், ரைட்டிங்கில் 6.5 வேண்டும். முதல் மூன்றும் வந்துவிட்டன. ரைட்டிங் மட்டும் இரண்டு முறையும் 6-இலேயே நின்றுவிட்டது. அந்த அரைப் புள்ளிக்காக மறுபடியும் முழுக் கட்டணம் கட்டப் போகிறேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கே மனசு கேட்கவில்லை.

ரைட்டிங்கில் முதல் கேள்வியான டாஸ்க் ஒன்றில், கொடுத்த படத்தைப் பார்த்து விவரித்து எழுத வேண்டும். இரண்டு முறையும் அதில் வந்தது லைன் கிராஃப்தான். நான் படித்த பயிற்சி வகுப்பில் கோடு ஏறுவதற்கு முப்பது வார்த்தை, இறங்குவதற்கு முப்பது வார்த்தை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சோர், சர்ஜ், ஸ்கைராக்கெட், பிளம்மெட், நோஸ்டைவ் எல்லாம் அதில் இருக்கும். நைட் டியூட்டி முடிந்து பேருந்தில் வரும்போது அதைத்தான் மனப்பாடம் செய்வேன். எல்லாம் தலையில் இருக்கிறது. மதிப்பெண்தான் வரவில்லை.

வகுப்பில் கொடுத்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இந்தியாவில் ஆண், பெண் எழுத்தறிவு, 1951 முதல் 2011 வரை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. இரண்டு கோடு.

ஆண்கள்: 27, 40, 46, 56, 64, 75, 81.
பெண்கள்: 9, 15, 22, 30, 39, 54, 65.

பத்து வருடத்துக்கு ஒரு புள்ளி, எல்லாம் சதவீதம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'இன் 1951 மேல் வாஸ் 27 பர்சென்ட் அண்ட் ஃபீமேல் வாஸ் 9 பர்சென்ட். இன் 1961 மேல் சோர்டு டு 40 பர்சென்ட் அண்ட் ஃபீமேல் சர்ஜ்டு டு 15 பர்சென்ட்.' இப்படியே 2011 வரை போனேன். 1991-க்கு அப்புறம் பெண்கள் கோடு நன்றாக ஏறுவதால் 'ஸ்கைராக்கெட்டட்' போட்டேன். கடைசியில், சத்துணவுத் திட்டம் வந்ததால் பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள் என்று இரண்டு வரி சேர்த்தேன். மொத்தம் 240 வார்த்தை, 32 நிமிடம். ஓர் எண்ணைக்கூட விடவில்லை, ஒன்றையும் தப்பாக எழுதவில்லை. வகுப்பில் 'குட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் என்ன தவறு என்று யாராவது நேராகச் சொல்லுங்கள். அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

---

காவிரிக்கரை (திருவையாறு, இப்போது இங்கிலாந்து)

தங்கச்சி, நானும் நர்ஸ்தான். எனக்கும் ரைட்டிங் ஒரு தடவை 6-இல் நின்றது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. காலை ஏழரைக்கு அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுக்கிறீர்கள். எட்டாம் நம்பர் படுக்கையில் காய்ச்சல் நோயாளி. ராத்திரி முழுக்க டி.பி.ஆர். சார்ட்டில் (காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் தாள்) புள்ளி வைத்திருக்கிறீர்கள். அடுத்து வரும் சிஸ்டரிடம் 'பத்து மணிக்கு நூற்றியொன்று, பன்னிரண்டுக்கு நூற்றியிரண்டு, இரண்டுக்கு நூற்றிமூன்று, நாலுக்கு நூறு' என்று வாசிப்பீர்களா? மாட்டீர்கள். 'நைட் முழுக்க காய்ச்சல் இருந்தது, இரண்டு மணி வரைக்கும் ஏறிக்கொண்டே போனது, பாராசிட்டமால் கொடுத்த பிறகு இறங்கியது, இப்போ நூறு' என்பீர்கள். சார்ட் அவர் கையிலேயே இருக்கிறது. எண் வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார். அந்தச் சார்ட்டை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

டாஸ்க் ஒன்றும் அதையேதான் கேட்கிறது. கேள்வியிலேயே முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கிச் சொல்லுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள் என்று இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, சுருக்கவும் இல்லை. பதினான்கு எண்ணையும் வரிசையாக வாசித்துவிட்டீர்கள். தேர்வு நடத்துகிறவர்கள் பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்தைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். 5-க்கான இடத்தில், விவரங்களை இயந்திரம் போல அடுக்குவது என்று இருக்கும். 7-க்கு முக்கியப் போக்குகளின் தெளிவான ஓவர்வியூ, அதாவது படம் மொத்தமாக என்ன சொல்கிறது என்ற சுருக்கம், வேண்டும். நீங்கள் எழுதியதில் ஓவர்வியூவே இல்லை, தங்கச்சி. ஒரு வரிகூட இல்லை. உங்கள் முதல் பிரச்சினை இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

சரி, இந்தப் படத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் கோட்டை மட்டும் பாருங்கள்.

இரண்டு கோடும் ஏறுகின்றன, ஓரிடத்தில்கூட இறங்கவில்லை. ஆண்கள் கோடு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மேலே இருக்கிறது. இது யார் கண்ணுக்கும் தெரியும். இப்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1951-இல் 18. 1961-இல் 25. அப்புறம் 24, 1981-இல் 26. அதன் பிறகு 25, 21, கடைசியில் 16. இரண்டு பேரும் முன்னேறிய காலத்திலேயே முதல் முப்பது வருடம் பெண்கள் இன்னும் பின்தங்கிப் போயிருக்கிறார்கள். அடுத்த முப்பது வருடத்தில் எட்டிப் பிடிக்க வந்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் கதை இதுதான். உங்கள் 240 வார்த்தையில் அது இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1981-இல் பெண்கள் 30. ஆண்கள் 1951-இலேயே 27-இல் இருந்தார்கள். அதாவது ஏறக்குறைய முப்பது வருடம் பின்னால். 2011-இல் பெண்கள் 65. ஆண்கள் 64-ஐத் தொட்டது 1991-இல். அங்கே இருபது வருடம் பின்னால். இதை நான் முதல் தடவை கவனித்தபோது நைட் டியூட்டியில் இருந்தேன், கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். மாமாக்கள் மூன்று பேரும் கல்லூரி வரை போனார்கள். அந்த இடைவெளிக்குள் என் அம்மா இருக்கிறார். எண்ணை எண்ணாக மட்டும் பார்த்தால் எழுத ஒன்றும் வராது. யாருடைய வாழ்க்கை என்று பார்த்தால் எது முக்கியம் என்பது தானாகத் தெரியும்.

ஆனால் அம்மா கதையைத் தேர்வில் எழுதக் கூடாது. உங்கள் சத்துணவுத் திட்டமும் அப்படித்தான். அது உண்மையாக இருக்கலாம், நல்ல விஷயம்தான், ஆனால் படத்தில் அது இல்லை. டாஸ்க் ஒன்றில் காரணம் சொல்லக் கூடாது, கருத்து சொல்லக் கூடாது. படத்தில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். காரணத்துக்கெல்லாம் டாஸ்க் இரண்டு, அந்தக் கட்டுரைக் கேள்வி, இருக்கிறது.

இப்போது மொழிக்கு வருகிறேன். நாம் செய்யும் பிழைகளில் பாதிக்கு மருந்து நம் தமிழிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டம்தான். மே கடைசியிலிருந்தே பதற்றம் ஆரம்பித்துவிடும். ஜூன் 12-இல் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பது அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி. 'எத்தனை அடிப்பா' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது சொல்லுங்கள், எந்தப் பேப்பராவது 'மேட்டூர் அணை உயர்ந்தது' என்று எழுதுமா? எழுதாது. அணை எப்படி உயரும்? 'மேட்டூர் அணையின் நீர்மட்டம் உயர்ந்தது' என்றுதான் எழுதும். நீங்கள் 'மேல் சோர்டு டு 40 பர்சென்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் எப்படி 40-க்கு ஏறுவான்? ஏறியது ஆண்களின் எழுத்தறிவு விகிதம். 'மேல் லிட்ரசி ரோஸ்', 'த ஃபிகர் ஃபார் விமன் ரோஸ்', 'த ப்ரொபோர்ஷன் ஆஃப் லிட்ரேட் விமன் ரோஸ்'. ஒவ்வொரு வாக்கியம் எழுதும்போதும் கேளுங்கள்: ஏறியது அணையா, நீர்மட்டமா?

அடுத்தது டு, பை. இதில் நம் பிள்ளைகள் எல்லோரும் வழுக்குகிறார்கள். சந்தையில் 'தக்காளி 40 ரூபாய் ஏறிடுச்சு' என்றால் ஒரு பொருள். 'தக்காளி 40 ரூபாய்க்கு ஏறிடுச்சு' என்றால் வேறு பொருள். முதலாவது எவ்வளவு கூடியது என்பது, அங்கே பை. இரண்டாவது எங்கே போய் நின்றது என்பது, அங்கே டு. அந்த 'க்கு' வந்தால் டு. 1951-க்கும் 1961-க்கும் நடுவே ஆண்களின் விகிதம் 13 ஏறியது, 'ரோஸ் பை 13 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. 40-க்கு ஏறியது, 'ரோஸ் டு 40 பர்சென்ட்'. இங்கே பர்சென்டேஜ் பாயின்ட்ஸ் என்பதையும் கவனியுங்கள். பெண்கள் 9-இலிருந்து 15-க்குப் போனது 6 புள்ளி. ஆனால் 9-இல் 6 என்பது மூன்றில் இரண்டு பங்கு. 'ரோஸ் பை 6 பர்சென்ட்' என்று எழுதினால் கணக்கே மாறிவிடும்.

ரைஸ், ரெய்ஸ் இரண்டையும் குழப்புகிறவர்களுக்கும் இதே மருந்துதான். உயர்ந்தது, உயர்த்தியது. கோடு தானாக உயர்ந்தால் ரோஸ். யாராவது எதையாவது உயர்த்தினால் ரெய்ஸ்டு. கிராஃபில் பெரும்பாலும் உயர்ந்ததுதான் இருக்கும்.

கடைசியாக உங்கள் அறுபது வார்த்தைத் தாள். அதைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஸ்கைராக்கெட் என்றால் குறுகிய காலத்தில் வாணம் போல எகிறுவது. பத்து வருடத்தில் 15 புள்ளி ஏறியதற்கு அது பொருந்தாது. ஐசியூவில் ஒரு நோயாளிக்குப் பிரஷர் கொஞ்சம் குறைந்ததற்கு 'பிளம்மெட்' என்று டாக்டரிடம் சொன்னால் ஓடி வருவார், வந்து பார்த்துவிட்டுத் திட்டுவார். சொல்லின் அளவும் மாற்றத்தின் அளவும் பொருந்த வேண்டும். ரோஸ், இன்கிரீஸ்டு, க்ரூ, கிளைம்ட், ஃபெல், ட்ராப்ட், டிக்லைன்ட். இவற்றோடு ஸ்டெடிலி, ஸ்லோலி, ஷார்ப்லி, ஸ்லைட்லி. இவ்வளவு கையில் இருந்தால் போதும். அதையே பெயர்ச்சொல்லாகத் திருப்பத் தெரிய வேண்டும். 'ரோஸ் ஷார்ப்லி' என்பது 'தேர் வாஸ் எ ஷார்ப் ரைஸ் இன் ஃபீமேல் லிட்ரசி' ஆகும். எதில் உயர்வு என்பதற்கு இன், எவ்வளவு உயர்வு என்பதற்கு ஆஃப். 'எ ரைஸ் ஆஃப் 15 பாயின்ட்ஸ்'. இந்த நாலு இடைச்சொல்லும் சரியாக விழுந்தாலே தாளின் முகம் மாறிவிடும்.

நேரம் ஆகிவிட்டது, டியூட்டிக்குப் போகிறேன். ஓவர்வியூவை மட்டும் இரண்டே வாக்கியத்தில் எழுதி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

---

சாக்பீஸ் (திருநெல்வேலி)

அந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

காலம். படத்தில் முடிந்துபோன வருடங்கள் இருந்தால் இறந்தகாலம்தான், ஆரம்பம் முதல் முடிவு வரை. பிள்ளைகள் முதல் பத்தியில் ரோஸ் என்று எழுதுவார்கள், மூன்றாம் பத்தியில் இன்கிரீசஸ் என்று மாறிவிடுவார்கள். கோடு தாளில் இப்போது கண்முன்னே ஏறுவது போலத் தெரிவதால் வரும் பிழை அது. வருடமே போடாத படமென்றால் நிகழ்காலம். 2040, 2050 என்று வரப்போகும் வருடம் இருந்தால் 'இஸ் ப்ரொஜெக்டட் டு ரைஸ்', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு ஃபால்'. முடிந்த வருடத்தோடு 'ஹேஸ் இன்கிரீஸ்டு' எழுதாதீர்கள். 'பை 2011' என்று ஆரம்பித்தால் 'ஹேட் ரீச்ட்' அழகாக உட்காரும், ஓரிடத்தில் போட்டால் போதும்.

அப்புறம் 'பிட்வீன் 1951 டு 2011' என்று எழுதாதீர்கள். பிட்வீன் வந்தால் அண்ட், ஃப்ரம் வந்தால் டு. முப்பது வருடம் சிவப்பு மையில் வட்டம் போட்டது இதற்குத்தான்.

அந்த எழுத்தறிவுப் படத்தைப் பார்த்ததும் ஒரு ஞாபகம். கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள். நான் 1991-இலும் 2001-இலும் போனேன். ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், அப்போதுதான் எழுத்தறிவு பெற்றவர். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் சேராது. 'உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா' என்று கேட்டால் பல வீடுகளில் பெண்கள் பதில் சொல்லாமல் உள்ளே பார்ப்பார்கள், வீட்டுக்காரர்தான் வந்து 'தெரியாது சார்' என்பார். இரண்டாவது முறை போனபோது அதே தெருவில் மகள்கள் தாங்களே வந்து பதில் சொன்னார்கள். உங்கள் கோட்டில் 39 என்பது 54 ஆனது, அந்தத் தெருவில் என் கண்ணால் பார்த்தது.

ஒரு நுணுக்கமும் உண்டு: 1971 வரை ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தார்கள், 1981 முதல் ஏழு வயதுக்கு மேல். படத்தின் அடியில் அப்படிக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் நீங்கள் அதை எழுத வேண்டியதில்லை.

---

ஓமலூர்க்காரன்

எல்லோரும் பெரிதாக யோசிக்கிறீர்கள். நான் ஒரு டெம்ப்ளேட்டை, எந்தப் படத்துக்கும் போடுகிற வாக்கியச் சட்டத்தை, மனப்பாடம் செய்தேன், ரைட்டிங்கில் 7 வந்தது. 'த கிவன் லைன் கிராஃப் இல்லஸ்ட்ரேட்ஸ்' என்று ஆரம்பித்து, நடுவே எண்ணை நிரப்பி, 'டு சம் அப்' என்று முடித்தேன். ஐந்து வாரத்தில் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா? சகோதரி, ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆனால் நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். 32 நிமிடம் என்பது மிக அதிகம். மொத்தம் 60 நிமிடம்தான். டாஸ்க் ஒன்றுக்கு 20, டாஸ்க் இரண்டுக்கு 40 என்று அவர்களே சொல்கிறார்கள். இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. நீங்கள் முதலாவதில் 12 நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் அது பெரிய கட்டுரையிலிருந்து எடுத்தது. முதலாவதற்குக் குறைந்தது 150 வார்த்தை போதும், 240 எதற்கு? கம்ப்யூட்டரில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கை திரையிலேயே தெரியும். நான் 170 தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

---

காவிரிக்கரை

ஓமலூர்த் தம்பி, நேரக் கணக்கு பொன்னானது. தங்கச்சி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 6-க்கு டாஸ்க் இரண்டில் குறைந்த நேரமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

டெம்ப்ளேட்டில் நான் ஒத்துப்போகவில்லை. முதல் வாக்கியத்துக்குச் சட்டம் இருக்கலாம், தப்பில்லை. கேள்வியைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். ஓவர்வியூவுக்குச் சட்டம் கிடையாது. இரண்டு கோடு குறுக்கே வெட்டிக்கொண்டால் அதுதான் செய்தி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் அதுதான் செய்தி. எழுத்தறிவுப் படத்தில் இடைவெளி செய்தி. மனப்பாடம் செய்த வாக்கியத்துக்கு எந்தப் படம் வரும் என்று தெரியாது. தம்பிக்கு 7 வந்தது என்றால் அவர் சட்டத்துக்குள் சரியான செய்தியை வைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அதை அவர் தன்னையறியாமலே செய்திருக்கலாம்.

ஐந்து வாரம் போதுமா என்றால், தாராளமாகப் போதும். நான் செய்ததைச் சொல்கிறேன். தினமும் ஒரே ஒரு படம். எழுத மாட்டேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, கூட இருக்கும் ஆளிடம் தமிழில் சொல்வேன். என் அறைத்தோழி மலையாளி, அவளிடம் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். அவள் படத்தைப் பார்க்காமல் நான் சொன்னதை வைத்துத் தாளில் கோடு போட வேண்டும். அவள் போட்ட கோடு உண்மைப் படத்தின் சாயலில் இருந்தால் என் ஓவர்வியூ சரி. முதல் வாரம் அவள் போட்ட கோடுகள் எதுவும் பொருந்தவில்லை. நான் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளுக்கு வடிவம் கிடைக்கவில்லை. 'மெதுவாக ஏறி, நடுவில் சமமாகி, கடைசியில் வேகமாக ஏறியது' என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கோடு வந்தது. எழுதுவது அதற்கு அப்புறம் சுலபமாகிவிட்டது.

படம் கிடைக்கவில்லை என்றால் உங்கள் வார்டு சார்ட்டையே மனசில் வைத்துப் பழகுங்கள். ஒவ்வொரு ஹேண்டோவரும் ஒரு பயிற்சிதான்.

---

இரவுப்பணி (மதுரை)

அக்கா, சார், அண்ணா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஹேண்டோவர் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடமாகத் தினமும் செய்கிற வேலை. அதைத்தான் கேட்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்றிரவு இரண்டு மணிக்கு வார்டு அமைதியாக இருந்தபோது கூட டியூட்டியில் இருந்த சிஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் கோடு போட்டாள். முதல் தடவை இரண்டு கோட்டையும் ஒன்றுக்கொன்று இணையாகப் போட்டுவிட்டாள், ஏனென்றால் இடைவெளியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. இரண்டாம் தடவை 'நடுவில் அகன்று, கடைசியில் ஒடுங்குகிறது' என்றேன். அப்படியே வந்துவிட்டது. 'எங்க பாட்டிக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற கோடு மாதிரி இருக்கே' என்றாள்.

காலையில் வீட்டுக்கு வந்து தூங்காமல் எழுதினேன். 19 நிமிடம். முழுசாகப் போடவில்லை, ஓவர்வியூவும் கடைசிப் பத்தியும் மட்டும்:

'ஓவரால், லிட்ரசி ரோஸ் இன் போத் குரூப்ஸ் த்ரூஅவுட் த பீரியட். மென் ரிமெய்ன்ட் அஹெட் ஆஃப் விமன், பட் த கேப் பிட்வீன் தெம், விச் வாஸ் வைடஸ்ட் இன் 1981, நேரோட் ஆஃப்டர் தட்.'

'ஃபீமேல் லிட்ரசி ரோஸ் மோஸ்ட் ஷார்ப்லி பிட்வீன் 1991 அண்ட் 2001, ஃப்ரம் 39 டு 54 பர்சென்ட். பை 2011 இட் ஹேட் ரீச்ட் 65 பர்சென்ட், எ லெவல் தட் மென் ஹேட் ரீச்ட் அரவுண்ட் 1991. அஸ் எ ரிசல்ட், த கேப் ஃபெல் டு 10 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ் பிட்வீன் 1981 அண்ட் 2011.'

நடுப் பத்தியில் ஆறு எண்தான் வந்திருக்கிறது. பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். விடும்போது கை நடுங்கியது. மொத்தம் 168 வார்த்தை.

---

சாக்பீஸ் (திருநெல்வேலி)

பிட்வீனுக்கு அண்ட் போட்டுவிட்டீர்கள், இரண்டு இடத்திலும். மகிழ்ச்சி, மகளே.

---

காவிரிக்கரை

ஓவர்வியூ அருமை. அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் படித்தாலே எனக்குப் படம் கண்ணில் வருகிறது. எண் ஒன்றும் இல்லாமல் வருடம் மட்டும் வைத்தீர்கள் பாருங்கள், அது நன்றாக இருக்கிறது. 'ஆண்கள் 1991-வாக்கில் தொட்ட நிலை' என்ற ஒப்பீட்டை என்னிடமிருந்து எடுத்தீர்கள், சரி, அடுத்த படத்தில் அப்படி ஒன்றை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தில் ஒரு சொல். இடைவெளி 1981-இல் 26, 2011-இல் 16. அது 10-க்கு இறங்கவில்லை, 10 இறங்கியது. தக்காளியை நினைத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டுப் போய்த் தூங்குங்கள், இன்றும் நைட்தானே.